சர்க்கரை இறங்கிய பிறகும் கண்ணில் புள்ளி ஏன்?

கேள்வி: எனக்கு 45 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலிருந்தே வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோர்க்கும் வேலை செய்கிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டது என்றார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் திரும்ப வந்து நிலைத்துவிட்டது. எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி 9.4 வரை போனது. போன ஒன்றரை வருடமாக மாத்திரை தவறாமல் சாப்பிட்டு, தினமும் நடந்து, 6.8-க்குக் கொண்டுவந்தேன். இப்போது கண் முகாமில் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி இருக்கிறது, சர்க்கரையால் வந்தது, ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். சர்க்கரையைக் குறைத்த பிறகு இது எப்படி வரும்? பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலத்தில் கண்ணி மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன், ரத்தக் குழாயைச் சுற்றியிருக்கும் பெரிசைட் என்ற செல் செத்துப்போவதால் இப்படி வருகிறது என்று படித்துச் சொன்னான். அந்தச் செல்லைத் திரும்ப வளர்க்கும் என்று ஒரு பவுடரை மாதம் 3,800 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா டாக்டர்?

பதில்: விழித்திரை மருத்துவர், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பவுடர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். செத்துப்போன பெரிசைட்டை மனிதக் கண்ணில் திரும்ப முளைக்க வைக்கும் மருந்து இன்றைக்கு எங்கேயும் இல்லை. ஊசியில் இல்லை, மாத்திரையில் இல்லை, பவுடரிலும் இல்லை. 3,800 ரூபாய்க்கு எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்து கண்ணி கோர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காசு வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் மகன் படித்துச் சொன்னது சரிதான். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு விடையும் அந்தச் செல்லுக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேற்படிப்பு படித்த காலத்தில் நுண்ணோக்கியில் பார்த்த ஒரு கண்ணாடித் தகடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. தானமாக வந்த கண்ணின் விழித்திரையை ட்ரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊறவைப்பார்கள். நரம்புத் திசு எல்லாம் கரைந்து கழன்றுவிடும். ரத்தக் குழாய் வலை மட்டும் மிஞ்சும். அதைத் தகட்டில் விரித்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், பிரித்துப் போட்ட கொலுசுப் பின்னல் போல இருக்கும். முடியைவிட மெல்லிய குழாய்கள். அவற்றின் சுவரோடு நீளவாக்கில் வெளிறிய உட்கருக்கள் தெரியும். அவை குழாயின் உள்சுவர் செல்கள். இன்னொரு வகை உட்கருவும் உண்டு. சின்னதாக, உருண்டையாக, கறுத்து, சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு, கம்பியின் மேல் பற்றவைத்த முத்து மாதிரி நிற்கும். அதுதான் பெரிசைட்.

பக்கத்தில் இன்னொரு தகடு வைத்திருந்தார்கள். பல வருடம் சர்க்கரை இருந்தவரின் கண். அதே பின்னல்தான். ஆனால் முத்து இருந்த இடங்களில் பல காலி. பல் விழுந்த ஈறு போல, வெறும் குழி மட்டும் இருந்தது. உள்சுவர் செல்கள் பெரும்பாலும் இடத்திலேயே இருக்க, இவை மட்டும் போய்விட்டிருந்தன. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் பாஸ்டனில் இருந்த டேவிட் கோகன், குவாபாரா குழுவினர், 1961-இல். இந்தச் செல்லை 1870-களிலேயே பிரான்சின் சார்ல்ஸ் ரூஜே விவரித்திருந்தார், 1923-இல் சிம்மர்மன் அதற்குப் பெயர் வைத்தார். கண்ணில் சர்க்கரை முதலில் தின்பது இதைத்தான் என்று தெரிய அதற்கப்புறமும் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்தச் செல்லின் வேலை என்ன? இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது. உடம்பில் எல்லா நுண்குழாயிலும் இருக்கிறது, ஆனால் ஒரே அளவில் இல்லை. தசையில் ஏறக்குறைய நூறு உள்சுவர் செல்லுக்கு ஒரு பெரிசைட் என்றால், விழித்திரையில் ஒன்றுக்கு ஒன்று. அவ்வளவு கவனமாகப் பிடித்துவைக்க வேண்டிய இடம் கண். பிடி விட்ட இடத்தில் குழாய் புடைத்துக்கொள்ளும். சைக்கிள் டயரில் நூல் அறுந்த இடத்தில் ட்யூப் பிதுங்கி வருகிறதே, அது மாதிரி. உங்கள் படத்தில் தெரிகிற சிவப்புப் புள்ளி அந்தப் புடைப்புதான்.

சர்க்கரையே இல்லாமலும் இது நடக்கும் என்று காட்டிவிட்டார்கள். உள்சுவர் செல்கள் பிடிஜிஎஃப்-பி என்ற புரதத்தை விட்டுத்தான் பெரிசைட்டை அழைத்து வைத்துக்கொள்கின்றன. 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அந்தப் புரதம் இல்லாத எலிக் கருக்களைப் பார்த்தபோது, மூளையின் நுண்குழாய்களில் பெரிசைட் இல்லை, குழாய்கள் இதே மாதிரி புடைத்து வெடித்திருந்தன. பெரிசைட் போனாலே போதும், புடைப்பு வந்துவிடும். சர்க்கரை செய்வது அந்தச் செல்லைப் போக வைப்பதை.

சரி, ஏன் இந்தச் செல்லை மட்டும்?

தசை செல்லுக்குள் சர்க்கரை போக வேண்டுமென்றால் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். பெரிசைட்டின் கதவு அப்படி இல்லை. இன்சுலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது திறந்தே கிடக்கும். ரத்தத்தில் சர்க்கரை 300 இருந்தால் அந்த வெள்ளம் நேராக உள்ளே வந்துவிடும். வேண்டாம் என்று மூடிக்கொள்ள இதற்கு வழியில்லை. உடம்பெல்லாம் சர்க்கரை ஏறியிருந்தாலும் கண், சிறுநீரகம், நரம்பு என்று குறிப்பிட்ட சில இடங்களே முதலில் அடி வாங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உள்ளே வந்த சர்க்கரையைச் செல் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும். வழக்கமாக எரிக்கிற பாதை நிரம்பியதும், மிச்சம் பக்கவாட்டுப் பாதைகளில் திரும்புகிறது. ஒரு பாதையில் அது சார்பிட்டால் என்ற பொருளாக மாறும். அப்படி மாற்றும்போது, செல் தன் துருவைத் துடைத்துக்கொள்ள வைத்திருக்கும் சரக்கும் சேர்ந்தே செலவாகிறது. எரிக்கிற பாதையிலேயே மீத்தைல்கிளையாக்சல் என்ற கழிவு உண்டாகி, கையில் பட்ட பசை போலப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது. செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி எரிந்து புகை கக்குகிறது, அதாவது ஆக்சிஜன் நச்சு. இவை தனித்தனிச் சேதம்போலத் தெரிந்தாலும் இந்த அடுப்புப் புகைதான் எல்லாவற்றுக்கும் ஊற்று என்று மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் சேர்த்துக் காட்டினார். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஆனாலும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு வேண்டியது அடுத்து வருவது.

உள்சுவர் செல் "இரு, போகாதே" என்று பிடிஜிஎஃப்-பி மூலம் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றேன் அல்லவா. சர்க்கரை அதிகமான பெரிசைட்டுக்குள் பிகேசி-டெல்ட்டா என்ற நொதி விழித்துக்கொண்டு, அந்தச் சொல் காதில் விழாதபடி அடைத்துவிடுகிறது. சொல் வருகிறது, கேட்பதில்லை. கேட்காத பெரிசைட் தன்னைத் தானே முடித்துக்கொள்கிறது. 2009-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை ஏறிய எலிகளுக்கு இன்சுலின் கொடுத்து ரத்தத்தைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்த பிறகும், விழித்திரையில் அந்த நொதி அடங்கவில்லை. பாழான நுண்குழாய்களும் குறையவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான், சகோதரி. ரத்தம் மாறிவிட்டது, செல்லுக்குள் இன்னும் பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் படத்தில் தெரிகிற புள்ளிகள் இந்த 6.8-இல் முளைத்தவை என்று நினைக்காதீர்கள். 9.4 இருந்த நாட்களில் போன பெரிசைட்டுகளின் தடம் அது. உங்கள் ஒன்றரை வருட உழைப்பு வீணாகிவிட்டது என்று ஒரு நிமிடம்கூட நினைக்க வேண்டாம்.

நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில், தொடக்கத்தில் கண்ணில் ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. உங்களைப் போல ஏற்கெனவே புள்ளி இருந்தவர்களுக்கு அது முற்றுவது 54 சதவீதம் குறைந்தது. ஆனால் இந்த நன்மை எப்போது தெரிந்தது? சுமார் மூன்றாம் வருடத்தில்தான். முதல் வருடத்தில், கட்டுப்பாட்டுக்கு வந்தவர்களில் சிலருக்குக் கண் கொஞ்சம் மோசமாகவும் ஆனது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது இப்படி நடப்பது எங்களுக்குப் பழக்கமானதுதான். அதற்காக யாரும் சர்க்கரையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளச் சொல்வதில்லை, கண்ணை இன்னும் நெருக்கமாகப் பார்ப்போம், அவ்வளவுதான். ஆய்வு முடிந்த பிறகு இரண்டு தரப்பினரின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. அப்போதும், முன்பு நன்றாகப் பிடித்துவைத்திருந்தவர்களின் கண் பல வருடம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. செல் கெட்டதை நினைவில் வைத்திருப்பது போல நல்லதையும் வைத்திருக்கிறது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் 6.8 உங்கள் 50, 55 வயதுக் கண்ணுக்கான சேமிப்பு.

பவுடருக்கு ஒரு முறை திரும்பி வருகிறேன், ஏனென்றால் விற்பவர் வேதியியல் எல்லாம் சொல்லித்தான் விற்பார். மேலே சொன்ன சார்பிட்டால் பாதையை அடைக்க சார்பினில் என்று ஒரு மாத்திரை இருந்தது. தர்க்கம் கச்சிதமாக இருந்தது, விலங்குகளில் நம்பிக்கை தந்தது. நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் முடிவு வந்தது, கண்ணில் சொல்லும்படியான பயன் இல்லை. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வேறு. முறையாகச் செய்த, முறையாகச் சோதித்த மருந்துக்கே அந்த கதி. எந்தச் சோதனையும் இல்லாமல் டப்பாவில் வருவதை நம்பி உங்கள் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பணயம் வைக்க நான் விடமாட்டேன்.

சாயங்காலம் கண்ணி மங்குகிறது என்றீர்கள். இதற்கும் புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்புக் குறைவு. 45 வயதில் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது வெள்ளெழுத்து. எல்லோருக்கும் வருவது, நூலில் ஊசி கோர்ப்பவருக்கும் கண்ணி கோர்ப்பவருக்கும் முதலில் தெரியும். கண்ணாடி போட்டால் தீரும். ஆனால் அளவு எடுக்கும்போது புத்தகம் படிக்கும் தூரத்துக்கு எடுத்துவிடுவார்கள், நீங்கள் வேலை செய்வது அதைவிடக் கிட்டத்தில். கையில் ஒரு துண்டுக் கொலுசை எடுத்துக்கொண்டு போய், வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் பிடித்துக் காட்டி, அதற்குத் தகுந்த கண்ணாடி கேளுங்கள். இன்னொன்று, சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் கண்ணாடிக்கு அளவு எடுக்கக் கூடாது. கண் லென்ஸுக்குள்ளும் அதே சார்பிட்டால் சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொள்வதால் பவர் மாறிக்கொண்டே இருக்கும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது எடுத்தால் அந்தக் கண்ணாடி நிற்கும்.

பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறி மிளகுக் கொடியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பறிப்பவர். நான்கு வருடத்துக்கு முன்பே அவருக்கும் புள்ளி இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். உச்சிக் கொடியில் பழுத்த மிளகு எது, காய் எது என்று தெரிகிற கண்ணுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அவர் வரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, ஒரு நாள் கூலியையும் விட வேண்டுமே. ஒரு காலையில் "கண்ணுக்குள்ள மிளகைக் கொட்டிவிட்ட மாதிரி கறுப்புக் கறுப்பாக ஓடுது சாமி" என்று வந்து நின்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

நடந்தது இதுதான். பெரிசைட் இல்லாத குழாய்களில் காலப்போக்கில் உள்சுவர் செல்களும் போய்விடும். குழாய் அடைந்து வெறும் நூலாகிவிடும். ரத்தம் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தை விட்டுப் புதுக் குழாய்களைக் கூப்பிடும். வருகிறவை அவசரத்தில் வளர்ந்த, பெரிசைட் சரியாகப் பிடித்துக்கொள்ளாத குழாய்கள். ஒரு தும்மலில்கூட உடையலாம். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது பார்வை அப்படியே இருக்கும், வலியும் இருக்காது. லேசரால் ஒரு கண்ணை நன்றாகக் காப்பாற்றினோம். இன்னொன்றில் வெளிச்சமும் உருவமும்தான் மிச்சம். கடுமையான பார்வை இழப்பை லேசர் பாதிக்கு மேல் குறைக்கும் என்று 1976-இலேயே நிரூபித்துவிட்டார்கள், இப்போது விஇஜிஎஃப்-ஐ அடக்கும் ஊசியும் இருக்கிறது. ஆனால் கசியும் முன்பு வருகிறவருக்கும் கசிந்த பின் வருகிறவருக்கும் அவை தருவது ஒன்றல்ல. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் நிலை அவருடையதிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, அங்கேயே நிற்க வேண்டும் என்றுதான்.

உங்கள் கடிதத்தில் பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பிடி தளர்ந்த குழாயில் அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. ஒரு தரப்பின் சராசரி அழுத்தம் 154/87, இன்னொரு தரப்பில் 144/82. இந்தப் பத்து புள்ளி வித்தியாசத்துக்கே கண் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021-இல் தொடங்கிய அரசுத் திட்டம்தான், இப்போது நம் தெருவுக்கும் வருகிறது. அதோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் ஒரு முறை செய்யுங்கள். சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்களுக்கு நடுவில் பெரிசைட்டின் உறவுக்காரச் செல்கள் இருக்கின்றன. கண்ணில் தடம் தெரிந்தால் அங்கேயும் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் சர்க்கரை டாக்டர் நிறையச் சொல்லியிருப்பார். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், நம் ஊர் என்பதால். ஜவ்வரிசி உப்புமாவையும் கஞ்சியையும் லேசான ஆகாரம் என்று சர்க்கரைக்காரர்கள் சாப்பிடுவதைத் தினமும் கேட்கிறேன். ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டும்தான். நார் இல்லை, பருப்பில் இருக்கும் புரதமும் இல்லை. வயிற்றுக்கு லேசு, பெரிசைட்டுக்கு வெள்ளம்.

இனி கண்ணுக்கு. வருடம் ஒரு முறை, உங்களைப் பார்க்கும் கண் மருத்துவர் ஆறு மாதம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். அன்றைக்கு நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலை வேண்டாம். கூட மகன் வரட்டும்.

வீட்டில் நீங்களே செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. அதற்குத் தேவையான கருவி உங்கள் மடியிலேயே கிடக்கிறது. வாரம் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், நேராக இழுத்த ஒரு வெள்ளிக் கம்பியை வழக்கமான தூரத்தில் பிடியுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடி வலது கண்ணால் பாருங்கள், அப்புறம் மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மோசமான கண்ணை மறைத்துவிடும், அதனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். கம்பி நடுவில் நெளிந்தோ அறுந்தோ தெரிந்தால், பார்வையின் மையத்தில் நீர் கோத்திருக்கலாம். அந்த வாரமே வாருங்கள். கறுப்புப் பொட்டுகள் திடீரென்று மிதந்தாலோ, திரை இறங்கியது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ, அன்றைக்கே வாருங்கள்.

முகாமில் எடுத்த படத்தின் நகல் கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள், கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கைபேசியில் படம் பிடித்து வைத்தாலும் போதும். அடுத்த முறை கண் காட்டப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் புள்ளி பழையது, எது புதியது, எது மறைந்தது என்று அப்போதுதான் எண்ண முடியும். மகனையும் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணச் சொல்லுங்கள், படித்த பிள்ளை.